சத்தற்ற மண்ணில் வன்மரத் தோட்டம்: சூப்பர் பாஸ்பேட்டா, பாறை பாஸ்பேட்டா?

வெப்பமண்டலத்தில் வன்மரங்களுக்கென ஒதுக்கப்படுவது பெரும்பாலும் வேறு பயிருக்கு உதவாத, மழையில் சத்துகள் கரைந்தோடிய அமிலச் செம்மண்தான். அதிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மணிச்சத்தை (பாஸ்பரஸை) இறுகப் பற்றிக்கொள்வதால், அச்சத்தை எந்த வடிவில் தருவது என்பதே அங்கு முதல் கேள்வியாகிறது.

சூப்பர் பாஸ்பேட் உரத்தில் சுமார் 16 விழுக்காடு மணிச்சத்து நீரில் கரையும் நிலையில் இருக்கிறது. கால்சியமும் கந்தகமும் உடன் கிடைக்கின்றன. கன்று வேர் பிடித்ததும் அதன் பலன் தெரியும் என்றாலும், மண் முழுவதும் கலந்துவிட்டால் வேர் எடுப்பதற்குள் மண்ணே அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வேரைத் தொடாமல், கன்றுக்கு அருகில் ஒரே இடத்தில் இட வேண்டும். பாறை பாஸ்பேட்டின் இயல்பு நேர்மாறானது. அமிலத்தில்தான் அது கரையும் என்பதால், அமில காரக் குறியீடு (pH) 5.5க்குக் கீழே உள்ள மண்ணில் நன்கு பொடித்துப் பரவலாகக் கலக்கும்போது பல ஆண்டுகளுக்கு மெல்ல மெல்லச் சத்தை விடுவிக்கிறது.

மரத்தின் இனம் இந்தத் தேர்வை மாற்றிவிடும். தேக்குக்குக் கால்சியம் நிறைந்த, நடுநிலையை ஒட்டிய மண் தேவை. அமில மண்ணில் அதை வளர்க்கச் சுண்ணாம்பு இட்டால் பாறை பாஸ்பேட் கரைவது குறையும் என்பதால், அங்கு சூப்பர் பாஸ்பேட்டே பொருத்தமானது. அமிலத்தைத் தாங்கும் மாஞ்சியம் வேலமரத்துக்குப் பாறை பாஸ்பேட் போதும். காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) அதன் வேர்முண்டுகளே பிடித்துத் தருவதால் யூரியாவுக்குச் செலவிடுவது வீண். தைலமரத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தழைச்சத்தும், நுனி காய்வதைத் தடுக்கச் சிறிதளவு போரானும் வேண்டும். போரான் அளவு சற்றே மிகுந்தாலும் நஞ்சாகிவிடும்.

இரண்டையும் வாங்க வசதியிருந்தால், அமில மண்ணில் நடும்போது சிறிதளவு சூப்பர் பாஸ்பேட்டும், நெடுநாளைக்கெனப் பாறை பாஸ்பேட்டும் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் களையெடுக்க ஆளில்லாதவர் எதையும் வாங்காதிருப்பதே நல்லது, ஏனெனில் உரம் முதலில் புல்லுக்குத்தான் போய்ச் சேரும். கிளைகள் கூடி நிழல் மூடிய பின் மரங்கள் தம் சருகிலிருந்தே சத்தின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்வதால், பணத்தை முதல் சில ஆண்டுகளிலேயே செலவிட வேண்டும். அறுவடையின்போது, கால்சியம் மிகுந்த பட்டையை உரித்து அங்கேயே விட்டுவந்தால், அடுத்த நடவுக்கு வாங்க வேண்டிய சுண்ணாம்பின் ஒரு பகுதி மிச்சமாகும்.