பாரிஸில் காலை உணவு: விடுதியா, பேக்கரியா, பிஸ்ட்ரோவா?

பாரிஸில் சில நாள் தங்கப் போகிறவர் காலை உணவுக்கு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தங்கும் விடுதியின் பஃபே ஒன்று. தெருமுனைப் பேக்கரியில் வாங்கிக்கொண்டு நடப்பது இன்னொன்று. பிஸ்ட்ரோ எனப்படும் சிறு உணவகத்திலோ கஃபே எனப்படும் காபிக் கடையிலோ உட்கார்ந்து சாப்பிடுவது மூன்றாவது. மூன்றையும் பார்த்தபின் நான் பிஸ்ட்ரோவையே தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் அறை பதிவு செய்யும்போதே காலை உணவு வேண்டாம் என்று குறிப்பிட்டுவிடுகிறேன். சுவையை மட்டும் அளவுகோலாக வைத்தால் பேக்கரிதான் வெல்லும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் முடிவைத் தீர்மானித்தது உட்காரும் இடம்.

விடுதி பஃபே பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுத்தர விடுதிகளில் ஆளுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 யூரோ வரை ஆகிறது. முட்டை, சீஸ், தயிர், பழம் எல்லாம் இருப்பதால், காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மாலை வரை நடக்க நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். பிரெஞ்சுக்காரர்களின் காலை உணவோ ரொட்டி, வெண்ணெய், ஜாம், ஒரு காபி என்ற அளவில் முடிந்துவிடுவது. அதை அறிய விரும்புகிறவர் பஃபேக்குச் செல்வதில் பயனில்லை. நான் தங்கியவை நடுத்தர விடுதிகளே என்பதால், நட்சத்திர விடுதிகளுக்கு இந்த மதிப்பீட்டைப் பொருத்த மாட்டேன்.

பேக்கரியின் பலம் ரொட்டி. மாவு பிசைவது முதல் சுடுவது வரை அந்த இடத்திலேயே செய்யும் கடை மட்டுமே ‘பூலாஞ்ஜெரி’ (ரொட்டிக் கடை) என்று பெயர்ப்பலகை வைக்கலாம் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1993ஆம் ஆண்டு ஆணையின்படி ‘திரதிஸ்யோன்’ (மரபு) என்று விற்கப்படும் பகேத்தை, அதாவது நீண்டு மெலிந்த பிரெஞ்சு ரொட்டியை, எந்த நிலையிலும் உறைய வைக்கக் கூடாது. அதில் செயற்கைச் சேர்க்கைப் பொருள்களும் கூடாது. பகேத் செய்யும் கைத்திறனை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாரிஸ் மாநகராட்சி ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த பகேத் போட்டியில் 2023இல் முதலிடம் பெற்றவர், இலங்கையிலிருந்து வந்து 20ஆம் வட்டாரத்தில் பேக்கரி நடத்தும் தர்ஷன் செல்வராஜா. வெற்றி பெறுபவர் ஓராண்டுக்கு பிரெஞ்சு அதிபரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுப்பது வழக்கம். தர்ஷன் வென்ற செய்தியைப் படித்தபோது எனக்குண்டான பெருமிதம் இன்னும் குறையவில்லை.

ஆனால் மேற்சொன்ன சட்டங்கள் ரொட்டிக்கு மட்டுமே உரியவை. க்ருவாசான் என்ற அடுக்கடுக்கான வெண்ணெய்ப் பண்டத்துக்கு அந்தக் காவல் இல்லை; ‘பூலாஞ்ஜெரி’ பலகை தொங்கும் கடையிலும் தொழிற்சாலையிலிருந்து உறைநிலையில் வந்த க்ருவாசான் அடுப்பேறலாம். ஆகவே அங்கேயே செய்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. நேரான வடிவில் இருப்பது பெரும்பாலும் வெண்ணெயில் செய்தது. பிறைபோல் வளைந்திருப்பது பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதிலான மார்கரினில் செய்தது. நல்ல கடையில், காலை ஏழரை மணிக்கு, இன்னும் சூடு ஆறாத வெண்ணெய் க்ருவாசானுக்கு எந்த பிஸ்ட்ரோவும் ஈடாகாது.

அதை வாங்கியபின் எங்கே போவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பேக்கரிகளில் உட்கார இடம் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஜூன் மாதமானால் பூங்கா பெஞ்சு போதும். நவம்பர் மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் காகிதப் பையுமாக நிற்பவருக்கு, ரொட்டியின் தரம் ஓரளவுக்கு மேல் ஆறுதல் தராது. பயணத்தில் காலை நேரம் என்பது சாப்பிடுவதற்கு மட்டும் அன்று. அன்றைக்கு எங்கே போவது என்று வரைபடத்தைப் பார்ப்பதும், உடன் வந்த பெரியவர்களின் கால்களுக்கு ஓய்வு கொடுப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.

பிஸ்ட்ரோ விற்பது அந்த இடத்தைத்தான். அதை விலைப்பட்டியலே வெளிப்படையாகக் காட்டுகிறது: பல கடைகளில் ஒரே காபிக்குக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல் விலை. கவுண்டரில் ஒன்றரை யூரோவுக்குக் கிடைக்கும் எஸ்பிரெஸோ, சுற்றுலாப் பகுதியின் நடைபாதை மேசையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகக்கூடும். விலையை வெளியே எழுதி வைத்தாக வேண்டும் என்பதால், உட்காரும் முன்பே பார்த்துக்கொள்ளலாம். சேவைக் கட்டணம் அந்த விலையிலேயே அடங்கிவிடுகிறது, டிப்ஸ் கட்டாயமில்லை. குடிநீரை இலவசமாகக் கேட்டு வாங்கலாம் என்பதைக் கடைக்காரர் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமும் இருக்கிறது.

இப்படிக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு, மேசை நம்முடையதாகிவிடுகிறது. ஒரே காபியோடு ஒரு மணி நேரம் இருந்தாலும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. பில்லை முன்கூட்டியே மேசையில் வைத்துவிட்டுப் போனாலும் அதற்குக் கிளம்புங்கள் என்று அர்த்தமில்லை. பணியாளரின் வேலை நேரம் முடியப் போகிறது என்பதாகக்கூட இருக்கலாம். உள்ளே நுழைந்ததும் கண்ணைப் பார்த்து ‘போன்ஜூர்’ (வணக்கம்) சொல்ல வேண்டும் என்பது மட்டும் அங்கே விட முடியாத மரியாதை. நான் உள்ளறை மேசையைத்தான் நாடுவேன். 2008 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை உண்டு, திறந்த வெளி மேசைகளில் இல்லை. வெளியே உட்காருபவர் பக்கத்து மேசையின் சிகரெட்டையும் சேர்த்துச் சகித்துக்கொள்ள வேண்டும்.

என்ன கேட்பது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிஸ்ட்ரோவில் க்ருவாசானை விட்டுவிட்டுத் ‘தார்தின்’ கேட்க வேண்டும். பகேத்தை நீளவாக்கில் பிளந்து வெண்ணெயும் ஜாமும் தடவித் தருவது அது. நல்ல பிஸ்ட்ரோவுக்கு ரொட்டி அக்கம்பக்கத்துப் பேக்கரியிலிருந்து அன்று காலையே வருவதால், பேக்கரியின் பலத்தில் பெரும்பகுதி இங்கேயும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. முட்டை சேர்க்காத சைவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: க்ருவாசானின் பளபளப்பு பெரும்பாலும் மேலே பூசிய முட்டையால் வருவது, மரபான பகேத்தோ மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றால் ஆனது. காபி என்று மட்டும் சொன்னால் சிறு கோப்பையில் பாலில்லாத எஸ்பிரெஸோ வரும். பால் காபிக்குப் பழகியவர்கள் ‘கஃபே க்ரெம்’ என்று கேட்க வேண்டும். நம் ஃபில்டர் காபியின் திடத்தை அதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வெண்ணெய் தடவிய ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடும் உள்ளூர் வழக்கத்தைப் பின்பற்றினால், அந்தக் காபி ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியும்.

செலவுக் கணக்கில் பிஸ்ட்ரோவுக்காக வாதாட முடியாது. காபி, ஆரஞ்சு ஜூஸ், ரொட்டி சேர்ந்த ‘ஃபோர்மூல்’ பத்து யூரோவைச் சுற்றி இருக்கும். நான்கு பேர் குடும்பம் தினமும் அப்படிச் சாப்பிட்டால் பயணச் செலவில் அது உறைக்கும். அத்தகையவர்கள் பேக்கரியில் வாங்கி அறையில் சாப்பிடுவதை வழக்கமாக வைத்துக்கொண்டு, அவசரமில்லாத ஒரு காலையை பிஸ்ட்ரோவுக்கு ஒதுக்கலாம். அதிகாலை ரயில் பிடிக்கும் நாளில் நானும் பேக்கரிக்குத்தான் போகிறேன். என் அனுபவம் பாரிஸின் வார நாள்களைச் சார்ந்தது. சிற்றூர்களில் ஒரு காலையோ இரண்டோ கழித்ததை வைத்து, அங்கும் இப்படித்தான் என்று சொல்லத் துணிய மாட்டேன். பாரிஸிலேயே பதினொன்றரை மணி வாக்கில் மதிய உணவுக்காக மேசைகளில் தட்டும் கத்தியும் வைக்கத் தொடங்கிவிடுவார்கள். நிதானமாக உட்கார விரும்புகிறவர் ஒன்பது, ஒன்பதரைக்குள் போய்விடுவது நல்லது.