நீலா, அகத்தியா? காட்பாடில இருந்து கிளம்புறவங்களுக்கு

வேலூர் வெயில்ல வெந்துட்டு தீவுக்குப் போலாம்னு கெளம்புற பாதி பேர் மாட்டிக்கிறது இதுலதான், அந்தமான்ல நீல் தீவா (இப்ப ஷஹீத் த்வீப்னு பேரு) லட்சத்தீவுல அகத்தியா. ரெண்டுமே குட்டித் தீவு.

போறது
நீல்: காட்பாடி டு சென்னை ட்ரெய்ன், போர்ட் பிளேருக்கு (இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேரு) ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஃப்ளைட், அப்புறம் ஃபெர்ரி.
அகத்தி: நைட் ட்ரெய்ன் ஏறினா காலைல எர்ணாகுளம், கொச்சில இருந்து சின்ன ஃப்ளைட், இல்லன்னா கப்பல்.

பர்மிட்
நீல்: நமக்கு வேணாம்.
அகத்தி: இல்லாம கால் வைக்க முடியாது, அதனால டிக்கெட்டுக்கு முன்னாடியே அப்ளை பண்ணிடுங்க.

செலவு: நீல்ல ரூம் நெறைய, பேரம் பேசலாம். அகத்தில தங்குற இடமே கம்மி, ரேட்டு அவங்க சொல்றதுதான்.

கடல்னு வந்துட்டா எனக்கு அகத்திதான். லகூன்ல, அதாவது பவளத்திட்டுக்கு உள்பக்கம் இருக்குற கடல்ல, தண்ணி இடுப்பளவு ஆழத்துலயும் காலடில மீன் ஓடுறது தெரியும், அலை இல்ல, குழந்தைங்கள இறக்கி விடலாம். நீல்ல தண்ணி வத்துறப்ப பாறையும் பவளமும் வெளிய வந்துரும், அந்த நேரத்துலதான் லட்சுமண்பூர் பக்கம் இயற்கையாவே உருவான கல்பாலத்துக்கு நடந்தே போக முடியும், கிரிப் இருக்குற செருப்பு கண்டிப்பா வேணும். இன்னொண்ணு, அங்க குளிர்காலத்துல அஞ்சு மணிக்கே சூரியன் போயிடும், மதியம் தூங்கினீங்கன்னா அன்னிக்கு அவ்ளோதான்.

சரக்கு? அகத்தில தடை.

அப்பா அம்மாவோட, முதல் தடவை போறீங்கன்னா நீல். போர்ட் பிளேர்ல தமிழ் பேசியே சமாளிச்சிடலாம். கூட்டமே வேணாம், பேப்பர் வேலைக்கு பொறுமை இருக்குன்னா அகத்தி. ஜூன்ல இருந்து மழை முடியுற வரைக்கும் ரெண்டையும் தொடாதீங்க.