வெள்ளவத்தையில் ஒரு கணித வகுப்பு: ஒன்பது மாத அனுபவம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் என் மகளை, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கு அண்மையிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்றின் கணித வகுப்புக்கு ஒன்பது மாதங்களாக அனுப்பி வருகிறேன்.

நான் பெரிதும் மதிப்பது, ஒவ்வொரு வகுப்பும் சென்ற வாரப் பாடத்திலிருந்து ஐந்து வினாக்களுக்குக் கொப்பியைத் திறவாமல் விடை எழுதுவதுடன் தொடங்குவதைத்தான். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டெடுப்பதே நெடுநாள் நிலைக்கும் என்பதை உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதன் பயனை வீட்டிலேயே கண்டேன். பிழைவிட்ட பிள்ளையை ஆசிரியர் ஒருபோதும் 'மக்கு' என்பதில்லை. எந்தப் படியில் தவறியது என்பதை அப்பிள்ளையே கண்டு சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறார். 1905 இல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கிய பிரெஞ்சு உளவியலாளர் அல்பிரட் பினேயும், பிள்ளைகளை 'மக்கு' என்று முத்திரை குத்த அல்ல, மேலதிக உதவி தேவைப்படுவோரை இனங்காணவே அதனை அமைத்தார் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வந்தது.

நேரம்தான் பெருங்குறை. இரவு எட்டரைக்கு வகுப்பு முடிந்து, வாகன நெரிசலைக் கடந்து வீடு சேர்ந்து, உண்டு உறங்கும்போது பதினொரு மணியாகிறது. விடியற்காலை ஐந்துக்கு எழ வேண்டும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் வலியுறுத்துகையில், ஆறு மணிநேரம் உறங்கிய பிள்ளையிடம் கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. மண்டபமும் புழுக்கமானது.

நிர்வாகத்திடம் முறையிட்டபின் சனிக்கிழமைக் காலைப் பிரிவொன்றைத் தொடங்கியுள்ளனர். பிள்ளையைச் சேர்ப்பதானால் அப்பிரிவிலேயே சேர்த்துவிடுங்கள்.