‘எவ்வளவு வேண்டுமானாலும் அரைக்கலாம்’ என்று விற்கப்படும் வீட்டு மாவு மில்: ஓர் எச்சரிக்கை

வீட்டு மாவு மில் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாங்கியதைக் கல் மில் என்றும், நிறுத்தாமல் ஓட்டலாம் என்றும் சொல்லி விற்றார்கள். சில வாரங்களிலேயே மோட்டார் எரிந்துபோனது. வாரண்டி கேட்டால், “ரொம்ப நேரம் ஓட்டிட்டீங்க மேடம்” என்று கையை விரித்துவிட்டார்கள். விற்றவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே எந்திரம் பல பெயர்களில், பல நிறங்களில் உலவுகிறது. ஏமாற்று நடக்கும் விதம் தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

வாங்கும் முன்பே எழுத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். ஒரே தடவையில் எவ்வளவு நேரம் ஓட்டலாம்? மோட்டார் அதிகம் சூடானால் தானாக நிற்குமா? கல் எதனால் ஆனது? “எவ்வளவு வேண்டுமானாலும் அரைக்கலாம்”, “ஓவர்லோடு பாதுகாப்பு உண்டு”, “100 சதவீதம் இயற்கைக் கல்” என்று பதில் வந்தது. மூன்றுமே பொய் என்று பின்னால் தெரிந்தது.

முதலில் வாட்ஸ் கணக்கு. பெட்டியில் கொட்டை எழுத்தில் 1800 வாட்ஸ் என்று இருந்தது. எந்திரத்தின் அடித்தகட்டில் இருந்ததோ 600. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று கேட்டால், முதலாவது ‘பீக்’ என்பார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில், அல்லது சுழல முடியாமல் சிக்கி நிற்கும்போது, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்த நொடிக் கணக்கைத்தான் எடுத்துப் பெட்டியில் அச்சடிக்கிறார்கள். அந்தச் சக்தியில் ஒரு நிமிடம் ஓட்டினால்கூட மோட்டார் தாங்காது. ஹெச்.பி. என்று எழுதுவதிலும் இதே விளையாட்டு உண்டு. ஒரு ஹெச்.பி. ஏறத்தாழ 746 வாட்ஸ். பெட்டியில் 2 ஹெச்.பி. என்று போட்டுவிட்டு அடித்தகட்டில் 600 வாட்ஸ் என்றிருந்தால், மீதி எங்கே போனது என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

வாட்ஸைவிட முக்கியமான வரி ஒன்று அந்தத் தகட்டில் உண்டு. எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்பதைச் சொல்லும் வரி அது. தொடர்ந்து ஓடக்கூடிய மோட்டார் என்றால் ‘எஸ்1’ என்று குறிப்பது சர்வதேச வழக்கம். ‘எஸ்2’ என்றால் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு முழுதாக ஆறவிட வேண்டும். ‘எஸ்3’ என்றால் ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வர வேண்டும். சமையலறைக் கருவிகளில் பெரும்பாலும் ‘கே.பி.’ என்ற இரண்டெழுத்தும் பக்கத்தில் நிமிடக் கணக்கும் இருக்கும். அத்தனை நிமிடங்களுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று பொருள். சட்னி அரைக்கும் கருவிக்கு அது போதும். மாவு அரைக்கும் எந்திரத்தில் தொட்டியை நிரப்பி ஸ்விட்சைப் போட்டால், தொட்டி காலியாவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

என் எந்திரத்தில் இருந்தது கே.பி. 3 நிமிடம். ஆனால் அந்த வரி வெளியே தெரியவில்லை. பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றைச் சரியாக அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். பழுது பார்க்க வந்தவர் ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, “இதோ போட்டிருக்கே” என்று காட்டினார். கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன், அதில் அந்த வரி இல்லை. தொட்டியோ முழுசாக அரைபட ஏறத்தாழ கால் மணி நேரம் எடுக்கும் அளவு பெரியது. மூன்று நிமிட மோட்டாருக்குக் கால் மணி நேரத் தொட்டியை வைத்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா?

எரிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சத்தம் மாறியது. சுழலும் வேகம் குறைந்து ஒரு முனகல் கேட்டது. அடுத்து வார்னிஷ் கருகும் வாடை. உடனே நிறுத்தினேன். ஆறிய பிறகு போட்டால் ஓடியது, ஆனால் காற்றுத் துளைகளுக்குள் நீலப் பொறி பறந்தது. அடுத்த முறை ஸ்விட்சைப் போட்டதும் வீட்டின் ஃபியூஸே போய்விட்டது. திறந்து பார்த்தபோது வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், கருத்துக் கிடந்தது. பாதுகாப்பு உண்டு என்றார்களே, அந்த ஓவர்லோடு கருவி உள்ளே இல்லவே இல்லை. அது இருந்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும். பல எந்திரங்களில் ஆறிய பிறகு அழுத்துவதற்கென்று அடியிலோ பின்புறமோ ஒரு சிறு பொத்தான் இருக்கும். வாங்கும்போது அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொத்தான் இல்லாமல் தானாகவே மீண்டும் இணையும் வகையும் உண்டு. அப்படிச் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கல். இயற்கைக் கல் என்றார்கள். வீட்டு மில்களில் வரும் கற்களில் பெரும்பாலானவை பாறையிலிருந்து வெட்டி எடுத்தவை அல்ல. குருந்தத் துகள்களைப் பீங்கான் பசையாலோ ஒருவகைச் சிமெண்டாலோ பிணைத்து வார்த்தவை. குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 9, வைரத்துக்கு 10. நன்றாகப் பிணைத்த குருந்தக் கல் பல வருடம் உழைக்கும், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதை இயற்கைக் கல் என்று ஏன் விற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பிணைப்பு மட்டமாக இருந்தால் துகள்கள் உதிர்ந்து மாவில் கலக்கும்.

எனக்குக் கலந்தது. மாவு பல்லில் நறநறத்தது. கேட்டதற்கு, “அது தவிடு மேடம், தவிட்டோட அரைச்சா அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். தவிடு கரகரக்கும், பல் கூசும்படி நறநறக்காது. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடிக் கோப்பையில் இரண்டு கரண்டி மாவைப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். கனமான துகள் அடியில் இறங்க ஒரு கணம் கொடுத்து, மேல் தண்ணீரை மாவோடு வடித்துவிடுங்கள். மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கி வடியுங்கள். தவிடும் மாவும் போய்விடும், கல் துகள் இருந்தால் அடியிலேயே தங்கும். கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தால் சத்தமே சொல்லிவிடும். என் கோப்பையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம் தங்கியது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். “தானியத்துல மண் இருந்திருக்கும்” என்று பதில் வந்தது. அதே தானியத்தை மிக்ஸியில் பொடித்து அதே சோதனையைச் செய்து காட்டினேன்; வளையம் இல்லை. அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல எந்திரத்திலும் புதுக்கல் கொஞ்சம் உதிரும். அதனால்தான் முதல் சில ஈடுகளை மலிவான அரிசி போட்டு அரைத்துக் கொட்டிவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் கல்லிலோ பொருத்தியதிலோ கோளாறு. என்னுடையதில் இரண்டும். பிரித்துப் பார்த்தபோது மேல் கல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. அச்சு நேராக இல்லாததால் கல்லும் கல்லும் ஒரு பக்கமாக உரசியிருக்கின்றன. உரசினால் துகள், உரசினால் சூடு, சூடானால் மோட்டாருக்கும் கூடுதல் பாரம். எல்லாக் கோளாறும் ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டிருந்தது.

‘குளிர்ச்சி அரவை’ என்ற வாசகத்தையும் கொஞ்சம் பார்ப்போம். உராய்வு இருந்தால் சூடு இருக்கும், எந்த மில்லானாலும் சரி. நைஸாக அரைக்க அரைக்கச் சூடு கூடும். இளஞ்சூடாக மாவு வந்தால் கவலையில்லை. என்னுடையதில் தெர்மாமீட்டரை வைத்தபோது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்தச் சூட்டில் தானியத்தின் ஈரம் ஆவியாகி, மாவு விழும் குழாயில் குளிர்ந்து, மாவைப் பசையாக்கி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மீண்டும் பாரம். சூடான மாவை அப்படியே டப்பாவில் போட்டு மூடினாலும் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், அகலமாகப் பரப்பி ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். முளைக்கருவின் எண்ணெயும் சேர்ந்தே அரைபடுவதால் முழுத்தானிய மாவு வெளியில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். குளிர்பதனப் பெட்டி நல்லது.

வாரண்டிப் பேச்சில் அவர்கள் எடுத்த அடுத்த ஆயுதம் ஈரம். “ஈரமான கோதுமை போட்டிருப்பீங்க.” ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டிய தானியம் கல்லில் அப்பிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் என் கோதுமை உலர்ந்தது. நல்ல வேளையாக அரைத்த மாவில் கொஞ்சம் இறுக மூடிய பாட்டிலில் இருந்தது. எடைபோட்ட மாவை 130 டிகிரியில் உலர்த்தி, எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வகங்களிலும் செய்யும் முறை. 100 கிராமை ஓவனில் அப்படி உலர்த்தியதில் 11 கிராம் குறைந்தது. வீட்டுத் தராசு, வீட்டு ஓவன் என்று கழித்துக்கொண்டாலும் 14-க்கு வெகு தூரம். “ஓவன் கணக்கெல்லாம் கம்பெனில ஏத்துக்க மாட்டாங்க மேடம்” என்றார் பழுது பார்க்க வந்தவர். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வாரண்டி அட்டையின் முகப்பில் ‘மோட்டாருக்கு 5 வருடம்’. உள்ளே பொடி எழுத்தில், வைண்டிங் எரிந்தால் சேராது, மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் சேராது, ஸ்விட்ச், கல், வயர் சேராது. எரிவதும் தேய்வதும் போனால் ஒரு மோட்டாருக்கு வேறு என்னதான் நேரும் என்று கேட்டேன். திருட்டுப் போகலாம், அதுவும் சேராது.

எந்த வகை மில் நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில் இல்லை. வேகமாகச் சுழலும் எஃகுப் பற்களால் அடித்து நொறுக்கும் வகை மிக நைஸாக அரைக்கும்; ஆனால் காதைக் கிழிக்கும், ரவை பதத்துக்குச் சரிவராது. அதில் மோட்டாரை ஓடவிட்ட பிறகுதான் தானியத்தைக் கொட்ட வேண்டும். கல் வகையில் நைஸும் ரவையும் இரண்டும் வரும், ஆனால் எள், ஆளி விதை, வேர்க்கடலை போன்ற எண்ணெய் வித்துகளைப் போட்டால் கல்லின் முகம் மெழுகிவிடும், அரைக்காது. உலர்ந்த அரிசியை ரவை பதத்தில் ஓட்டி அந்த மெழுகை எடுக்கலாம். கல்லைத் தண்ணீரில் கழுவவே கூடாது. எண்ணெய் வித்துதான் அதிகம் அரைப்பீர்கள் என்றால் எஃகுத் தட்டு வகையைப் பாருங்கள், மாவு கொஞ்சம் கொரகொரப்பாகத்தான் வரும். மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் வகை கிடைத்தால் எடை கூடினாலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

எந்த வகையானாலும் உங்கள் தானியத்தையே கொண்டுபோய், தொட்டி நிறையப் போட்டு, நைஸ் பதத்தில் வைத்து, தொட்டி காலியாகும்வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிடி போட்டு அரைத்துக் காட்டுவதில் அர்த்தமில்லை. எனக்கு அனுப்பிய வீடியோவில் பட்டுப் போன்ற மாவு விழுந்தது, ஆனால் தானியம் உள்ளே போகும் காட்சியும் மாவு வெளியே வரும் காட்சியும் தனித்தனித் துண்டுகள். நடுவில் சலித்தார்களோ என்னவோ. நேரில் போக முடியாவிட்டால், ஒரே ஓட்டமாக எடுத்த வீடியோ கேளுங்கள். கூடவே அடித்தகட்டின் படமும், ஸ்டிக்கர் எதுவும் இல்லாமல்.

இப்போதைய நிலை இது: மாற்று எந்திரம் தருகிறோம் என்றார்கள், அதே மாடல். வேண்டாம், பணம் போதும் என்று சொல்லி, விற்பனையாளரின் பழைய பதில்கள், உரித்த ஸ்டிக்கர், அடித்தகடு, தேய்ந்த கல், கருகிய வைண்டிங் எல்லாவற்றின் படங்களையும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களுடைய விளம்பரத்திலிருந்து ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்ற வாசகம் மட்டும் காணாமல் போயிருக்கிறது. 1800 வாட்ஸ் அப்படியே இருக்கிறது. பழுதான எந்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். பணம் கைக்கு வரும்வரை அனுப்புவதாக இல்லை, ஏனென்றால் என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.