எண்டோமெட்ரியோசிஸ் ஓபி: டாக்டருக்கு ஐந்து ஸ்டார், பில்லிங் கவுண்டருக்கு ஒன்று

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோமெட்ரியோசிஸுக்கென்றே (கர்ப்பப்பையின் உள்திசு மாதிரியானது வெளியே வளர்ந்து வலி கொடுக்கிற நோய்) வாரத்தில் இரண்டு நாள் ஓபி நடக்கிறது. எட்டு மாதமாகப் போய் வருகிறேன். திட்டும் சேர்த்து எழுதப் போவதால் பெயர் வேண்டாம்.

பதினாறு வயதிலிருந்தே பீரியட்ஸ் வந்தால் முதல் இரண்டு நாள் பாத்ரூம் தரையில்தான் கிடப்பேன், டைல்ஸ் சில்லென்று இருக்கும் என்பதற்காக. மெஃப்டால் ஸ்பாஸ் போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும், அப்புறம் பழையபடிதான். இருபத்தாறு வயதுக்குள் மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. மூன்று இடத்திலும் தண்ணீர் குடிக்க வைத்து, யூரின் முட்டும்வரை உட்கார வைத்து, வயிற்றுக்கு மேலே ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "கல்யாணம் ஆகி ஒரு குழந்தை பெத்துக்கிட்டா சரியாயிடும் கண்ணு" என்று ஒருவர் சொல்ல, அம்மா அன்றைக்கு ராத்திரியே ஜாதகத்தை எடுத்துவிட்டார். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்துவிட்டால் அதற்கப்புறம் வலிக்கிறது என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இங்கே டாக்டர் ஸ்கேன் ஃபைலைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார், அரை மணி நேரத்துக்கு மேல். வலி பீரியட்ஸுக்கு எத்தனை நாள் முன்னால் தொடங்குகிறது, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிறதா, அந்த நாட்களில் மோஷன் போகும்போது குத்துகிறதா. கடைசிக் கேள்வியைப் பத்து வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. ஆமாம் டாக்டர், கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கர்ப்பப்பையை வரைந்து, அதற்குப் பின்னால் குடலை வரைந்து, நடுவில் புள்ளி புள்ளியாக வைத்தார். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்கிற மாதிரியான திசு வெளியே போய் உட்கார்ந்துகொண்டு, அங்கே புண்ணாக்கி, பக்கத்தில் இருப்பதை எல்லாம் ஒட்ட வைத்துவிடும், இப்படிச் சின்னச் சின்னதாக இருந்தால் சாதாரண ஸ்கேனில் தெரியாமலே போகலாம் என்றார். அந்தச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், கல்யாணம் ஆகாதவர்களுக்காக. ஸ்கேன் அறையில் நம் ஊரில் முதல் கேள்வியே "மேரீடா?" என்பதுதான். இல்லை என்றால் மேலே வைத்து எடுத்து அனுப்பிவிடுவார்கள். உள்ளே வைத்து எடுக்கிற டிவிஎஸ் ஸ்கேனில் இந்த நோய் இன்னும் நன்றாகத் தெரியும். இந்த டாக்டர் அதை விளக்கிவிட்டு, வேண்டாம் என்றால் எம்ஆர்ஐ எடுக்கலாம், எது சௌகரியம் என்று கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்தும் கேட்டது என்னை! எம்ஆர்ஐ எடுத்தேன். இடது சினைப்பையில் 3 செ.மீ. சாக்லேட் சிஸ்ட் (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி வருகிற கட்டி), கர்ப்பப்பையின் பின்பக்கம் குடலோடு ஒட்டியிருக்கிறது. லிஃப்டில் அழுதேன், பயத்தில் இல்லை.

அடுத்தது கத்திதான் என்று நினைத்திருந்தேன். லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்தால்தான் உறுதி என்பது பழைய வழக்கம், 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலே அதை மாற்றிவிட்டது, முதலில் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றார். சிஸ்ட்டை வெட்டி எடுத்தால் கருமுட்டை இருப்பு குறையலாம் என்பதையும் அவராகவே சொன்னார். பழைய மருத்துவமனையில் காசு கட்டி எடுத்த சிஏ-125 ரத்தப் பரிசோதனையைக் காட்டினேன். இதைக் கண்டுபிடிக்க அது உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தது டைனோஜெஸ்ட் என்கிற ஹார்மோன் மாத்திரை, 2 மி.கி., தினமும் ஒரே நேரத்தில். முதல் மூன்று மாதம் ஸ்பாட்டிங் (நடுநடுவே லேசான ரத்தக் கசிவு), காரணமில்லாமல் எரிச்சல், வீட்டில் எல்லோரிடமும் சண்டை. வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் சமாளித்தேன். அதற்கப்புறம் பீரியட்ஸே இல்லை, மெஃப்டால் இரண்டு தடவைதான் தேவைப்பட்டது. இது நோயை அடியோடு எடுக்காது, நிறுத்தினால் திரும்ப வரலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சரி, திட்டுக்கு வருவோம். பத்து மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு உள்ளே கூப்பிட்டது ஒன்று பத்துக்கு. பில்லிங் கவுண்டரில் இருந்த பெண் ஹால் முழுக்கக் கேட்கும்படி "எண்டோ கேஸ் யாரு, வாங்க" என்று கத்தினார். பேர், டோக்கன் நம்பர் எதுவும் இல்லை, நான் ஒரு கேஸ். எம்ஆர்ஐ ரிப்போர்ட் வருவதற்கு முன்பே கவுன்சலர் என்று ஒருவர் வந்து கருமுட்டை உறைய வைக்கிற பேக்கேஜ் நோட்டீஸைக் கையில் திணித்தார், "இந்த மாசம் ஆஃபர் இருக்குங்க" என்று. வலிக்கு வந்தவளிடம் ஆஃபர்! டாக்டரிடம் சொன்னேன், முகம் சுண்டிப்போனது, ஆனால் அடுத்த தடவையும் அதே நோட்டீஸ். உள்ளே இருக்கிற ஃபார்மசியில் விலை கூடின பிராண்ட் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். மூலக்கூறு பெயரை எழுதித் தரச் சொல்லி வெளியே வாங்குங்கள், எனக்குப் பாதிக்குப் பாதி மிச்சம்.

போகிறவர்கள் மூன்று மாத வலியைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். நான் தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்னால் எழுதி ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோனேன், அதையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். சனிக்கிழமை மட்டும் வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது, அதுவும் வலியோடு போனால்.