11 மாத ஒப்பந்தம், 10 மாத முன்பணம்: வீட்டுக்கே வந்த வாடகைப் பத்திர சேவை

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விடுவதற்காக, ஒப்பந்தப் பத்திரத்தைத் தயாரித்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தனியார் சேவை ஒன்றைப் பயன்படுத்தினேன். முத்திரைத்தாளுக்கு அலையாமல், தட்டச்சுக் கடையில் காத்திருக்காமல், விவரங்களை அனுப்பிய இரண்டாம் நாளே பிழையின்றி அச்சிட்ட பத்திரம் கைக்கு வந்தது. கொண்டுவந்த இளைஞர் இரு தரப்புக் கையெழுத்தையும் பொறுமையாக வாங்கிக்கொண்டார்; அவருடைய பணியில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை பத்திரத்துக்குள் இருந்தது.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் பத்திரமோ பழைய சட்டத்தையே குறிப்பிட்டது. காலம் 11 மாதம் என்றிருந்தது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. புதிய சட்டப்படி எந்த வாடகையும் எழுத்து ஒப்பந்தமாக இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்யத் தவறியதையே காரணமாக்கி, உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்கவும் அதில் இடமுண்டு. சேவையினரிடம் தொலைபேசியில் இதைக் கேட்டதற்கு, "11 மாதம்தானே சார், பதிவெல்லாம் தேவையில்லை" என்றார்கள்.

என்னை அதிகம் வருத்தியது முன்பணத்தைப் பற்றிய வரிதான். சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம், நானும் அப்படியே கேட்டிருந்தேன். வேறு விதமான உடன்பாடு இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது புதிய சட்டம். அப்படியானால், வழக்கமாகப் பத்திரங்களில் அச்சாகும் அந்த 10 மாத வரியே 'வேறு விதமான உடன்பாடு' ஆகிவிடுகிறது. தனக்கு என்ன பாதுகாப்பு இருந்தது என்று அறியாமலே வாடகைதாரர் அதைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதுபவர்கள் இதை இரு தரப்புக்கும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியும் பத்திரத்தில் இல்லை.

பழுதுபார்ப்பு பற்றியும் ஒரே வரிதான்: எல்லாம் வாடகைதாரர் பொறுப்பு. கட்டட அமைப்பைச் சீர்செய்வது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது உரிமையாளருக்கும், குழாயின் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை வாடகைதாரருக்கும் என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்துத் தருகிறது. மாடியில் தண்ணீர்க் கசிவு வந்தால் யார் செலவு செய்வது என்ற சண்டை சென்னையில் எத்தனை வீடுகளில் நடக்கிறது! அந்த அட்டவணையை இணைக்க ஒரு தாள் போதும்.

வேகமும் வசதியும் மட்டும் வேண்டுமென்றால் இச்சேவைக்கு ஐந்துக்கு மூன்று தரலாம். சட்டத் துணைக்கு ஒன்றுதான். பயன்படுத்துவோர் கையெழுத்திடும் முன், எந்தச் சட்டத்தின்படி எழுதப்பட்டது, பதிவு செய்து தருவார்களா என்ற இரண்டையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அந்தப் பத்திரத்தை ரத்து செய்து, அட்டவணையைச் சேர்த்து வேறு எழுதி, அரசின் இணையதளம் வழியாகப் பதிவு எண் பெற்றோம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கியிருந்த பணத்தை மாடியில் குடிவந்த தம்பதியிடம் அன்றே திருப்பிக் கொடுத்தேன்.