பித்தளை ஹீட்டர் கோர் என்று விற்கிறார்கள், சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்

நேற்று இரவு இணையச் சந்தையில் பழைய மின்விசிறி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுவில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று வந்து நின்றது. கறுப்புப் பெயின்ட் அடித்த கார் ஹீட்டர் கோர். முனையில் பளபளவென்று இரண்டு பித்தளைக் குழாய்கள். இடது மூலையில் நசுங்கிய நான்கைந்து தகடுகள். அந்த நசுங்கல் என் கைவேலை. பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவரும்போது பையின் ஜிப் பட்டு நசுங்கியது. என் கணினியைக் குளிர்விக்க ஐந்து மாதத்துக்கு முன் 85 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கி, அதனால் 420 வெள்ளி கிராஃபிக்ஸ் கார்டைப் பறிகொடுத்து, சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்த அதே பொருள். இப்போது விலை 90 வெள்ளி.

விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. பொருளைப் பற்றிச் சொன்னாலே போதும்.

நான் இருப்பது சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில், நான்கறை வீட்டில். என் அறை மேற்குப் பக்கம். மதியம் மூன்று மணிக்கு மேல் சுவரைத் தொட்டால் சுடும். வார இறுதியில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுப்பேன். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கவிட்டால், பிராசசர் 88 டிகிரிக்குப் போய்விடும், விசிறிச் சத்தத்தில் அம்மா வந்து "அது என்ன, வாஷிங் மெஷினா?" என்று கேட்பார். கடையில், தண்ணீர் ஓடவிட்டுக் கணினியைக் குளிர்விக்கும் நல்ல வாட்டர் கூலிங் செட் வாங்கினால் பல நூறு வெள்ளி. அதைவிட முக்கியம், சொந்தமாகச் செய்து பார்க்கும் ஆசை. செலவு மிச்சம் என்பதெல்லாம் வீட்டில் சொல்லிக்கொள்ள.

தெரியாதவர்களுக்கு: ஹீட்டர் கோர் என்பது காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சூடான தண்ணீர் இதன் வழியாக ஓடும், விசிறி அந்தச் சூட்டைக் காருக்குள் தள்ளும். குளிர் நாட்டில் அது உயிர்காக்கும் சாமான், நமக்குத் தேவையே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர்காரர்களுக்குச் சரியான அளவு. 2000களின் தொடக்கத்தில், கணினிக்கென்று ரேடியேட்டர்கள் எளிதாகக் கிடைக்காத காலத்தில், அமெரிக்காவில் செவ்ரோலே செவெட், போன்டியாக் போன்வில் கார்களின் கோரைத்தான் பலரும் வாங்கிப் பொருத்தினார்கள். செம்பும் பித்தளையும் சேர்ந்தவை, ஈயம் வைத்து ஒட்டலாம், முனையை வெட்டி வேறு குழாய் வைக்கலாம். அந்தக் கதைகளைப் படித்துத்தான் எனக்கும் கிறுக்குப் பிடித்தது.

அப்போதே ஒன்றை யோசித்திருக்க வேண்டும். இங்கே கார் வைத்திருக்க வாங்கும் சிஓஇ உரிமச் சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான். நீட்டித்தால் இன்னும் 5 அல்லது 10. அதற்குள் பெரும்பாலான கார்கள் ஏற்றுமதிக்கோ உடைப்பதற்கோ போய்விடும். ஆக, நம் ஊர்ப் பழைய சாமான் கடைக்கு வரும் காருக்கு உண்மையில் வயது குறைவு. கார் ரேடியேட்டர்கள் அலுமினியத்துக்கு மாறித் தலைமுறை ஒன்று ஆகிவிட்டது. இங்கே உடைக்கிற காரிலிருந்து செம்பு பித்தளைக் கோர் வருவது அபூர்வம். "ஃபுல் பிராஸ் காப்பர், டெஸ்ட் பண்ணியது, பம்பு இலவசம்" என்று விளம்பரத்தைப் பார்த்ததும் இது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

போனேன். காக்கி புக்கிட் பக்கம், மேலும் கீழும் ஒர்க் ஷாப்புகளாக இருக்கும் கட்டடம் ஒன்றின் பின்வரிசை. ஐம்பது வயதிருக்கும் நம் ஆள். வாங்க தம்பி என்று உட்கார வைத்து, கோப்பி ஓ ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். ஊர் எது என்று விசாரித்தார், அப்பா என்ன வேலை என்று கேட்டார். இப்படிப் பேசுகிறவரிடம் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது. நான் தயங்குவதைப் பார்த்து மேசையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கோரின் மேல் வைத்தார், விழுந்தது. இன்னொரு பக்கம் வைத்தார், விழுந்தது.

"பாத்தியா தம்பி? இரும்பா இருந்தா ஒட்டும். ஒட்டல. சுத்த பித்தளை லா."

நானும் தலையை ஆட்டினேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்தவன்தான். பித்தளையில் காந்தம் ஒட்டாது, செம்பில் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. அந்தச் சோதனை இரும்பு இல்லை என்பதை மட்டும்தான் காட்டும். இரும்பில் கோர் செய்கிறார்கள் என்று யார் சொன்னது? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டார். ஒரு வகையில் ரசிக்கவேண்டிய திறமை.

இரண்டாவது வித்தை அந்தப் பித்தளை முனைகள். அவை உண்மையிலேயே பித்தளை. நகத்தால் கீறிக்கூடப் பார்த்தேன். "பாருங்கள் அண்ணே, மஞ்சளாகத்தான் இருக்கிறது" என்று நானே அவருக்குச் சான்றிதழ் கொடுத்தேன். போனில் பணம் அனுப்பும் பேநவ்வில் 85 வெள்ளி போட்டுவிட்டு வந்தேன்.

முதலில் போனது இலவசப் பம்பு. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் ஒயரிலும் கறுப்பு ஒயரிலும் 12 வோல்ட் கொடுத்து வாளித் தண்ணீரில் ஓடவிட்டேன். மூன்று மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு, அப்புறம் ஒரு முனகல், அவ்வளவுதான். பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அது முன்கண்ணாடி கழுவும் வாஷர் பம்பு. கண்ணாடியில் சில விநாடி தண்ணீர் அடிப்பதற்காகச் செய்தது. நாள் முழுக்க ஓடும் வேலைக்குக் காரில் வேறு பம்புகள் இருக்கின்றன. ஹைப்ரிட் கார்களில் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் 12 வோல்ட் பம்பு அப்படிப்பட்டது. அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "தண்ணி இல்லாம ஓட்டியிருப்ப தம்பி" என்றார். வாளி நிறையத் தண்ணீர். இந்தப் பதிலைக் கேட்டபோதே கோரையும் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இலவசமாக வந்ததற்கு என்ன சண்டை என்று விட்டுவிட்டேன்.

கோரை வினிகரும் தண்ணீரும் கலந்து கழுவினேன். சாம்பல் நிறத்தில் கலங்கலாக வந்தது. பழைய அழுக்கு என்று நினைத்து மூன்று முறை கழுவினேன், மூன்று முறையும் சாம்பல்தான். வினிகர் அலுமினியத்தைத் தின்னும். அழுக்கைக் கழுவுகிறேன் என்று உலோகத்தைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கணினிக்கான பம்பு ஒன்று பழையது வாங்கினேன். பிராசசர் மேல் உட்காரும் செம்பு வாட்டர் பிளாக், 13 மில்லிமீட்டர் குழாய், 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. கோரைப் பெட்டிக்குள் விசிறியோடு சேர்த்து மேல்பக்கம் தொங்கவிட்டேன். இது என் முட்டாள்தனம். தண்ணீர் இருக்கும் பொருளை மின்பலகைக்கு மேலே வைக்கக் கூடாது. உள்ளே ஊற்றியது வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர், பாசி பிடிக்காமல் இருக்க இரண்டு துளி மருந்து. கார் கூலன்ட் ஊற்றாததற்குக் காரணம் பூனை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்து அனுமதி வந்ததும் தங்கை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், பூனைக்குக் கொஞ்சமே போதும், செத்துப்போகும். தவிர, எல்லாம் செம்பும் பித்தளையும்தானே, துருத்தடுப்பு எதற்கு என்றும் நினைத்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் மூன்று வாரம் அற்புதம். அறை 31 டிகிரி, தண்ணீர் அதற்குக் கீழே எப்படியும் போகாது, ஆனாலும் ரெண்டர் ஓடும்போது பிராசசர் 67ஐத் தாண்டவில்லை. அம்மா வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை.

நான்காவது வாரம் 71. அப்புறம் 76. தூசி என்று விசிறியைத் துடைத்தேன். குழாயில் தண்ணீர் லேசாகப் பால் நிறமானது. ஆறாவது வாரம், ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் காலை கொடுக்கவேண்டிய வேலை பாதி ரெண்டரில் இருக்கும்போது திரை கறுத்தது. பெட்டியைத் திறந்தால் பித்தளை முனை ஒன்றின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில். சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. ஆனால் ஆறு வாரம் உலோகத்தைக் கரைத்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. கார்டைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன், பார்த்த பையன் தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கல்யாண வீட்டாரிடம் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது தனிக் கதை.

அன்றிரவே வாட்டர் பிளாக்கைப் பிரித்தேன். மெல்லிய பள்ளங்கள் முழுக்க வெள்ளைக் கொழகொழப்பு, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி. அலுமினியம் அரித்தால் இப்படித்தான் வரும். கோரின் பக்கத் தகட்டில் கறுப்புப் பெயின்டைக் கத்தியால் சுரண்டினேன். அடியில் வெள்ளி மாதிரி வெளேரென்று அலுமினியம். பித்தளை முனையைத் திருகினால் கையோடு வந்துவிட்டது. அலுமினியக் குழாயை வெட்டி, அதற்குள் பித்தளை முனையைச் செருகி, எப்பாக்சி பசை வைத்து ஒட்டி, ஒட்டு தெரியாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. செம்பின் நியம மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்துடையது -1.66. இரண்டுக்கும் நடுவே உலோகத் தொடர்பும் இருந்து, தண்ணீரும் இணைத்தால் அலுமினியம் கரையும். வாட்டர் பிளாக்கிலிருந்து கரைகிற துளிச் செம்பும் அலுமினியத்தின் மேல் போய்ப் படிந்து அங்கங்கே ஊசிக்குழி போடும். பித்தளையையே அலுமினியத்தில் நேராக ஒட்டினால் கேட்கவே வேண்டாம், ஒட்டின இடம்தான் முதலில் போகும். துருத்தடுப்பு கலந்திருந்தால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவே. முழுக்க அலுமினியத்தில் ஒரு செட் செய்தால் தவறே இல்லை. அலுமினியம் என்று சொல்லி 30 வெள்ளிக்கு விற்றிருந்தால் அதற்கேற்ற பிளாக் தேடியிருப்பேன்.

மறுபடி காக்கி புக்கிட். இந்த முறை கோப்பி இல்லை. "நீயே பாத்துத்தானே வாங்கின? காருக்கு உள்ளத கம்ப்யூட்டர்ல போட்டா நானா பொறுப்பு?" என்றார். விளம்பரத்தில் ஃபுல் பிராஸ் என்று போட்டிருந்தீர்களே என்றேன். அன்று மாலைக்குள் விளம்பரம் காணாமல் போனது. நல்ல வேளை, வாங்கும் முன்பே அதைப் படம் பிடித்து வைத்திருந்தேன். "எல்லாம் பித்தளையா அண்ணே?" என்று நான் கேட்டதற்கு "ஆமா 100%" என்று அவர் அனுப்பிய செய்தியும் இருந்தது. இந்த இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் நடந்திருக்காது.

சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே மனுப் போட்டேன். பயனீட்டாளராக 5,000 வெள்ளிக்குள் கேட்டால் கட்டணம் 10 வெள்ளி, வக்கீல் வைக்க முடியாது, வைக்கவும் தேவையில்லை. வாங்கி இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதல் கலந்துபேசலிலேயே அவர் இறங்கி வந்தார். 85 வெள்ளி திரும்பக் கிடைத்தது. கார்டுக்குக் கிடைக்கவில்லை. ஒழுகும் பொருளை மின்பலகைக்கு மேலே தொங்கவிட்டது நான் என்ற இடத்தில் என் வாதம் நொண்டியது, நானும் அதிகம் இழுக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி: பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்போது அது நியாயமாகப் பட்டது. உடைத்துவிட்டுக் கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கலாம், தோன்றவில்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் காந்தத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் சின்னக் கத்தி ஒன்றோடு போங்கள். முனையைச் சுரண்டாதீர்கள், பக்கத் தகட்டையும், கோரின் ஓரத்தில் தண்ணீர் சேரும் தொட்டியின் அடியையும் சுரண்டுங்கள். மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிய வேண்டும். கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளையும் செம்பும் அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், அந்த அளவுக் கோர் இறகு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். முனை குழாயோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று தெரிகிறதா, வெறும் வழவழப்பான பெயின்டா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். ஆனால் என் கோர் முதல் நாள் இந்தச் சோதனையில் தேறியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்பாக்சி அப்போது புதிது.

நேற்றுப் பார்த்த விளம்பரத்தில் பெயின்ட் புதிதாக இருக்கிறது, முனைகளை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும் முன் ஏனோ தோன்றி, ஒரு பித்தளை முனையின் உள்பக்கம், வாயிலிருந்து அரை விரல் தள்ளி, காம்பஸ் ஊசியால் பெருக்கல் குறி ஒன்று ஆழமாகக் கீறி வைத்தேன். பெயின்ட் அதுவரை போயிருக்காது. காக்கி புக்கிட் பக்கம் போகிறவர்கள் போனில் டார்ச்சைப் போட்டு உள்ளே பாருங்கள்.